வேலைக்களமும் சந்ததி நலமும்

வாழையும் மிளகாயும் தக்காளியும் பயிரிடும் குடியானவர்கள் நூற்புழுவை நன்கு அறிவார்கள். கண்ணுக்குப் புலப்படாத இப்புழு மண்ணில் இருந்துகொண்டு வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. வேரில் முடிச்சுகள் விழுகின்றன. பயிர் மஞ்சளித்து நிற்கிறது. நீரும் உரமும் இட்டும் தேறுவதில்லை. வாழையாயின், குலை தள்ளிய மரம் சிறு காற்றுக்கும் வேரோடு சாய்ந்துவிடுகிறது. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் இதற்கு மருந்து ஒன்று விற்பனைக்கு வந்தது. டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்பது அதன் நீண்ட பெயர், டி.பி.சி.பி. என்று சுருக்கி அழைப்பர். மண்ணுக்குள் செலுத்தினால் அது ஆவியாகிப் பரவிப் புழுவைக் கொல்லும்; பயிரின் வேரைக் கெடுக்காது. ஆகவே அம்மருந்துக்குப் பல நாடுகளிலும் கிராக்கி ஏற்பட்டதில் வியப்பில்லை.

அம்மருந்தின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைப்பேறு, கர்ப்பம், கருச்சிதைவு என்ற பேச்சு எழுந்த உடனேயே, "இது மகளிர் குழுவில் பேச வேண்டிய விஷயம்" என்று பஞ்சாயத்தின் ஆண் உறுப்பினர்கள் ஒதுங்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். வேலைக்களத்திலே சந்ததி நலத்தைக் காப்பது என்றால், பெண்களைச் சில வேலைகளிலிருந்து விலக்கி வைப்பது என்றே பலரும் பொருள் கொள்ளுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை என்பதை இந்த நூற்புழு மருந்து விளக்கிக் காட்டுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் லாத்ராப் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்த தொழிற்சாலை ஒன்றில் இம்மருந்தைக் கலந்து வடிக்கும் பகுதியில் ஆண்கள் வேலை செய்துவந்தனர். நண்பகல் உணவு வேளையில் தமக்குள் பேசிக்கொண்டிருக்கையில், தங்களில் பலருக்குச் சில ஆண்டுகளாகவே குழந்தை பிறக்கவில்லை என்பதை அவர்கள் உணர்ந்தனர். அவரவர் வீட்டுக் குறையாக எண்ணி மனத்துக்குள் வைத்திருந்தது, ஒன்றாக உட்கார்ந்து பேசியபோது தொழிலின் குறையாகத் தோன்றலாயிற்று. 1977-ஆம் ஆண்டு அவர்களுடைய தொழிற்சங்கத்தின் முயற்சியால் மருத்துவப் பரிசோதனை நடந்தது. பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைந்திருந்தன. சிலருக்கு அறவே இல்லை. வேலையை விட்டு நீங்கியபின் சிலர் தேறினர். நெடுநாள் அங்கே உழைத்தவர்களிலே தேறாதவர்களும் உண்டு.

இதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. இம்மருந்து எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்கிறது என்பது 1950-களின் இறுதியிலேயே சோதனைச்சாலையில் தெரிந்துவிட்டது. 1961-இல் அந்த ஆராய்ச்சி அச்சிலும் வெளிவந்தது. மருந்தைக் கலந்த தொழிலாளிக்கு மட்டும் அது தெரிவிக்கப்படவில்லை.

உண்மை வெளிப்பட்டபின் அமெரிக்க சர்க்கார் என்ன செய்தது? ஆண்களை அத்தொழிற்சாலையிலிருந்து விலக்கி வைக்கவில்லை. மருந்தை விலக்கி வைத்தது. 1977-இல் கட்டுப்பாடுகள் தொடங்கின. 1979-இல், ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, அதன் உபயோகம் ஏறக்குறைய முற்றிலும் நிறுத்தப்பட்டது. பீச் பழ விவசாயிகளின் மன்றம் ஒன்றின் செயலாளர், பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களையும் பிள்ளை வேண்டாம் என்பவர்களையும் இவ்வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று சர்க்காருக்கு எழுதினார். அந்த யோசனையை யாரும் ஏற்கவில்லை, பலர் நகைத்தனர். ஆனால் இதே யோசனை பெண்கள் விஷயத்தில் எழுந்தபோது நகைப்பார் இல்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

சொந்த நாட்டில் தடைப்பட்டபின்னும் அம்மருந்து அயல்நாடுகளில் ஓடிற்று. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிக்கா, நிகராகுவா, ஹோண்டுராஸ் முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் கூலியாட்கள் கையுறையின்றி, கையால் இயக்கும் குத்தூசிக் கருவியைக் கொண்டு மரத்தடி மண்ணில் அதைச் செலுத்தினர். ஆயிரக்கணக்கான ஆண்கள் பிள்ளைப்பேறு இழந்தனர். அவர்கள் தொடுத்த வழக்குகள் பல்லாண்டுகள் நடந்தன. கலிபோர்னியாவிலோ, மண்ணில் இட்ட மருந்து நிலத்தடியில் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளிலும் தென்பட்டது. மருந்தைத் தொட்டே அறியாதவர்களும் அந்நீரைக் குடித்திருப்பர். இந்தியாவில் இம்மருந்து 1989-இல் தடை செய்யப்பட்டது.

இனிப் பெண்கள் விஷயத்துக்கு வருவோம். ஈயம் ஒரு பழைய விஷம். அதன் தூளும் புகையும் மூச்சு வழியாகவும், கழுவாத கையால் உண்ணும் உணவு வழியாகவும் உடலில் சேருகின்றன. சேர்ந்த ஈயம் எலும்பிலே தங்கி, கர்ப்ப காலத்தில் மறுபடியும் இரத்தத்தில் கலந்து, கருவிலிருக்கும் சிசுவை அடைகிறது. அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஆண்களின் விந்தணுக்களையும் ஈயம் பாதிக்கிறது. 1978-இல் அமெரிக்க சர்க்கார் வகுத்த ஈய விதிகள், பிள்ளை பெற விரும்பும் ஆண், பெண் இருபாலாருக்குமே இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் இருத்தல் நலம் என்று கூறின. பெண்களை இத்தொழிலிலிருந்து விலக்குவதற்கு ஆதாரம் இல்லை என்றும் அவ்விதிகளை வகுத்தோர் முடிவு செய்தனர்.

ஆயினும் அதே 1978-ஆம் ஆண்டில், மேற்கு வர்ஜீனியா மாகாணத்தின் வில்லோ ஐலண்ட் என்னும் ஊரில், அமெரிக்கன் சயனமிட் என்ற கம்பெனியின் தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு வெளியிடப்பட்டது. ஈயம் கலந்த வர்ணப்பொடி செய்யும் பகுதியில், 16 முதல் 50 வயது வரையுள்ள பெண்கள், அறுவைச் சிகிச்சையால் பிள்ளைப்பேற்றை நிறுத்திக்கொண்டாலன்றி வேலை செய்ய இயலாது என்பதே அதன் சாரம். மறுப்பவர்களுக்குக் குறைந்த கூலியுள்ள துப்புரவு வேலை காத்திருந்தது. ஐந்து பெண்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டனர். 1980-இல் கம்பெனி அப்பகுதியையே மூடிவிட்டது! வேலைக்காகக் கொடுத்த விலை திரும்ப வரவில்லை; வேலையும் நிற்கவில்லை. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது ஒரு அபாயமாகக் கருதத்தக்கதன்று என்று 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறிவிட்டது. கத்தியை எடுத்தவர் மருத்துவர், இசைந்தவர் பெண், ஆகவே தொழிற்சாலையில் அபாயம் ஏதும் இல்லை என்பது எவ்வகை நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை.

பாட்டரி செய்யும் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் கம்பெனியும் 1982-இல் இத்தகைய விதியைக் கொண்டுவந்தது. பிள்ளை பெற இயலாது என்று மருத்துவச் சான்று காட்டாத எந்தப் பெண்ணும் ஈயம் படும் வேலையில் இருக்கலாகாது. அவ்வேலைக்குப் பின்னால் உயர்த்தப்படக்கூடிய இடங்களிலும் இருக்கலாகாது. 1984-இல் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தோரில் மூவரின் நிலையை நோக்கினால் விஷயம் தெளிவாகும். ஒரு பெண் வேலையைக் காத்துக்கொள்ளவேண்டி அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டவர். மற்றொருவர் 50 வயதானவர். இனிக் குழந்தை பெறுவதாகவே எண்ணமில்லாதவர். எனினும் வேறு வேலைக்கு மாற்றப்பட்டு ஊதியம் இழந்தார். மூன்றாமவர் ஓர் ஆண். தாம் தந்தையாக விரும்புவதாகவும், உடலில் ஈயம் குறையும்வரை விடுப்பு வேண்டுமென்றும் கேட்டார், மறுக்கப்பட்டது. ஆக, பாதுகாப்பு வேண்டாம் என்ற பெண்ணுக்கு அது திணிக்கப்பட்டது; வேண்டும் என்று கேட்ட ஆணுக்கு அது கொடுக்கப்படவில்லை.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கம்பெனியின் பக்கமே தீர்ப்புக் கூறின. 1991-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை மாற்றிற்று. ஈயம் தந்தையையும் தாயையும் தாக்குகையில் தாயை மட்டும் பிரித்து விலக்குவது சட்டத்துக்கு மாறானது என்றும், பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி முடிவு செய்யவேண்டியவர்கள் பெற்றோரேயன்றி முதலாளி அல்லர் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. பெண்களுக்கு வேலை திரும்பக் கிடைக்க வழி பிறந்தது. ஆனால் தீர்ப்பினால் மட்டும் காற்றிலிருந்த ஈயம் குறைந்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதைக் குறைக்க உறிஞ்சு விசிறியும், மூடிய கருவிகளும், உடை மாற்றும் அறையும், கைகழுவும் இடமும் தேவை. அவை செலவு பிடிப்பவை. பெண்ணை வெளியே அனுப்புவதற்குச் செலவு இல்லை. இவ்வழக்குகளின் உள்விஷயம் இதுவே.

இவையெல்லாம் அயல்நாட்டுத் தொழிற்சாலைகளில் நடந்தவை, நம் வயல்களுக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். வில்லோ ஐலண்டில் ஐந்து பெண்களுக்கு நேர்ந்ததைப் போன்றது, நமது நாட்டிலேயே, கரும்பு வயல்களில், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நேர்ந்திருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் பீட் என்பது மழை குன்றிய ஒரு மாவட்டம். அங்கிருந்து ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கணவனும் மனைவியுமாகக் குடும்பங்கள் புறப்பட்டு, மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டச் செல்லுகின்றன; கோடை தொடங்கியபின்பே திரும்புகின்றன. மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்லுகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து "ஒரு கோய்தா" என்று கணக்கு. கோய்தா என்பது மராத்தியில் கரும்பு வெட்டும் அரிவாளின் பெயர். ஆள் இருவர், கணக்கில் அரிவாள் ஒன்று. மனைவிக்கெனத் தனிக்கூலி ஏட்டில் இல்லை. விடியுமுன்னரே வெட்டத் தொடங்கி, கட்டுகளைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றவேண்டும். வயலோரக் கூடாரத்தில் வாசம், கழிப்பிடம் இல்லை, குளிக்க மறைவிடம் இல்லை, நல்ல நீருக்குத் தொலைதூரம் நடக்கவேண்டும். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வரை பிடித்தம் செய்யப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன.

மாதவிடாய் நாட்களில் இத்தகைய இடத்தில் ஒரு பெண் என்ன செய்ய முடியும்? அசுத்தத்தால் நோய்த்தொற்று உண்டாகிறது. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று தனியார் மருத்துவமனையை நாடுகிறாள். மருந்தால் தீரக்கூடிய நோய்க்கு, புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்திக் கர்ப்பப்பையையே அகற்றச் சொன்ன மருத்துவர்கள் இருந்தனர். அகற்றிவிட்டால் மாதவிடாயும் இல்லை, அபராதமும் இல்லை என்று பெண்களும் இசைந்தனர். இச்செய்தி 2019-இல் பெரிதாக வெளிவந்தபின், மகாராஷ்டிர சர்க்கார் குழு ஒன்றை அமைத்து விசாரித்தது. பீட் மாவட்டத்தில் விவரம் திரட்டப்பட்ட 82,000-க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. அதாவது ஆறு பேரில் ஒருவர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவர் அளவிலேயே இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். சினைப்பைகளும் சேர்த்து அகற்றப்பட்டால் இளவயதிலேயே எலும்பு தேய்வதும், மூட்டுவலியும் தொடருகின்றன. வலியோடு அவள் மறுபடியும் கரும்பு வெட்டத்தான் போகிறாள்.

தனியார் மருத்துவமனைகள் இனி மாவட்ட அரசு மருத்துவ அதிகாரியின் அனுமதியின்றிக் கர்ப்பப்பையை அகற்றலாகாது என்று அம்மாவட்டத்தில் விதி செய்யப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் அது மருத்துவரின் கையைத் தடுக்கிறதேயன்றி, வயலோரத்தில் ஒரு கழிப்பிடத்தைக் கட்டவில்லை. நோயுற்ற நாளுக்குரிய அபராதத்தை நிறுத்தவில்லை. மனைவியின் பெயரைக் கூலி ஏட்டில் எழுதவில்லை.

நமது தமிழ்நாட்டிலும் முன்பணமும் மேஸ்திரியும் அறியாத கரும்புப் பகுதி இல்லை. இங்கே நாம் முதலில் கவனிக்கவேண்டியது வெயில். சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் தமது முடிவை வெளியிட்டனர். கடும் வெப்பத்தில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு ஏற்படும் அபாயம் மற்றவர்களைவிட இரு மடங்கு என்பது அம்முடிவு. இதைக் கேட்ட உடன், "அப்படியானால் கோடையில் கர்ப்பிணிகளை வேலைக்கு அழைக்கவேண்டாம்" என்று சிலர் சொல்லக்கூடும். சொல்பவர் இரக்கத்தினாலேயே சொல்லலாம். ஆனால் கூலி போனால் கர்ப்பிணியின் உணவு போகும். அல்லது கர்ப்பத்தையே அவள் மறைத்துக்கொண்டு முன்னிலும் கடினமாக உழைப்பாள். நேரத்தை அதிகாலைக்கு மாற்றுவதும், நிழற்பந்தல் போடுவதும், குடிநீர்ப் பானையை வேலை நடக்கும் வரப்புக்கே கொண்டு வைப்பதும் முதியவர்களுக்கும் ஆண்களுக்கும்கூட நலமே செய்யும். நீர் குறைவாகக் குடித்தால் மறைவிடம் தேடவேண்டியதில்லை என்று எண்ணி, பெண்கள் நாள் முழுவதும் தாகத்தை அடக்குவது யாவரும் அறிந்ததே. ஆதலால் பானையும் கழிப்பிடமும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்று மட்டும் வந்து பயனில்லை.

அடுத்தது பூச்சிமருந்து. டப்பாவின் மேல் முக்கோண வடிவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களில் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். சிவப்பு கொடியது, பச்சை சாது என்று குடியானவர்கள் கொள்ளுகின்றனர். அந்நிறங்கள் உடனடியாக உயிருக்கு நேரும் ஆபத்தை மட்டுமே குறிப்பவை. பல மாதங்கள் சிறிது சிறிதாக உடலில் படும் மருந்து விந்தணுவையோ கருவையோ கெடுக்குமா என்பதற்கு அந்நிறத்தில் விடை இல்லை. லாத்ராப் தொழிலாளர்களும் மயங்கி விழுந்தவர்கள் அல்லர், நலமாக நடமாடிக்கொண்டிருந்தவர்களே. தெளிப்பவருக்கு மட்டுமே அபாயம் என்றும் எண்ணலாகாது. பெரும்பாலும் மருந்து கலக்க நீர் சுமப்பவள் பெண். தெளித்த வயலில் ஈரம் உலருமுன் களை பறிக்க இறங்குபவளும் அவளே. மருந்தில் நனைந்த கணவனின் சட்டையை, வீட்டுத் துணிகளோடு சேர்த்து வெறுங்கையால் துவைப்பவளும் அவளே. இவற்றுக்குக் கையுறையும், தனிச் சோப்பும், தெளித்த வயலில் ஒரு கொடி நட்டு வைப்பதும் போதிய தொடக்கமாகும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இக்காலத்தில் வேறு வேலை தரவேண்டும். கூலி குறையாமல் தரவேண்டும். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் வேலைமாற்றம் வில்லோ ஐலண்டின் துப்புரவு வேலையைப் போன்றதே.

பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஊரில் இருக்குமாயின், பஞ்சாயத்து அதனைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாகாது. அங்கே வேலை செய்பவர்களோடு, அவர்கள் உடையில் ஒட்டிவரும் தூளால் வீட்டுக் குழந்தைகளும் பாதிக்கப்படுவர்.

தினக்கூலிப் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. டில்லி மாநகராட்சியில் சாலை வேலைக்குத் தினக்கூலி ஏட்டில் சேர்க்கப்பட்டிருந்த பெண்கள், நிரந்தர ஊழியர்களுக்குள்ள பிரசவ விடுப்பைத் தங்களுக்கும் கேட்டனர். 2000-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வேலையில் நியாயமான, மனிதத்தன்மையுள்ள நிலைமைகளுக்கும் மகப்பேற்று உதவிக்கும் அரசு வகை செய்யவேண்டும் என்று நமது அரசியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவும், ஆண் பெண் இருபாலாருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 39-ஆவது பிரிவும் கூறுகின்றன. இன்று ஒருவர் வயலிலும் நாளை வேறொருவர் வயலிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு நிலையான முதலாளி இல்லை. அவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உதவுகிறது. 2018-இல் அது 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கர்ப்பம் தரித்த தொடக்கத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்வது இதற்கு அவசியம். வேலை தேடி வெளியூர் சென்றிருக்கும் குடும்பங்களே இப்பதிவில் விடுபடுகின்றன. அவர்களின் பட்டியலைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வார்டு வாரியாக வைத்திருப்பது கடினமன்று.

மேஸ்திரியோ நில உடைமையாளரோ தகாத முறையில் நடந்துகொண்டால் முறையிடுவதற்கு இடமில்லை என்று பெண்கள் நம்பிக்கொண்டிருக்கின்றனர். 2013-ஆம் ஆண்டின் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடங்களையும், விவசாயக் கூலிகள் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர்களையும் கருதியே மாவட்டந்தோறும் ஒரு உள்ளூர்க் குழுவை வகுத்திருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதுவதற்கு உதவி செய்வதும் அக்குழுவின் கடமையே. இக்குழு உங்கள் மாவட்டத்தில் எங்கே இயங்குகிறது, அதன் முகவரி யாது என்பதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கோடை உழவுக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆட்கள் திரளுவதற்கு முன், பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருமுறை இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கூட்டத்துக்கு மேஸ்திரிகளையும், கிராம சுகாதாரச் செவிலியரையும், மருந்து தெளிக்கும் ஆட்களையும் அவர்கள் மனைவியரையும் அழைக்கவேண்டும். லாத்ராப்பில் உண்மை வெளிப்பட்டது நண்பகல் உணவின்போது நால்வர் மனம் விட்டுப் பேசியதனால்தான். ஆண்கள் எதிரில் பெண்கள் பேசத் தயங்குவார்களாயின், செவிலியர் அவர்களைத் தனியே கூட்டிக் கேட்டு வந்து, பெயர் சொல்லாமல் கூட்டத்தில் தெரிவிக்கலாம். வேலைநேரம் எப்போது தொடங்குவது, பானையையும் மறைவிடத்தையும் எவர் ஏற்பாடு செய்வது, நோயுற்ற நாளுக்கு அபராதம் இல்லை என்பதை முன்பணச் சீட்டிலேயே எழுதுவது, கணவனுக்கும் மனைவிக்கும் ஏட்டில் தனித்தனி வரி போடுவது ஆகிய நான்கையும் அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மேஸ்திரிகளின் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்ளவேண்டும்.